குறைந்த புள்ளிக்குக் காரணம் கூறுவதா?

பள்ளிவாசல்துறையிலிருந்து ஒரு மாணவி எமக்கு நீண்டதொரு மடல் வரைந்துள்ளார். மடலிலுள்ள விஷயம் ஒரு குடும்பத்தோடு நின்றுவிடுவதன்று. பிள்ளைகளைச் சட்டம் பயில அனுப்ப விரும்பும் பல வீடுகளில் இன்று பேசப்படுவது. ஆகையால் பெயரை விடுத்து, அவருடைய சம்மதத்துடன், இவ்வாரம் இப்பகுதியை அதற்கே ஒதுக்கினோம்.

விஷயம் இதுதான். அம்மாணவி க. பொ. த. உயர்தரப் பரீட்சைக்கு இருமுறை தோற்றியவர். 2022 ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை பிற்போடப்பட்டு 2023 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நடைபெற்றதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதிலே அவர் பெற்றது தமிழில் 'சி', அரசியல் விஞ்ஞானத்தில் 'எஸ்', அளவையியலிலும் 'எஸ்'. மனந்தளராது 2024 ஜனவரியில் மீண்டும் எழுதினார். இம்முறை தமிழுக்கும் அரசியல் விஞ்ஞானத்துக்கும் 'பி', அளவையியலுக்கு 'ஏ'. இலண்டனிலுள்ள தாய்மாமன் படிப்புச் செலவை ஏற்க முன்வந்திருக்கின்றார். எனவே இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்குச் சட்டம் பயில விண்ணப்பிக்க உத்தேசம்.

விண்ணப்பத்திலே முதற் பரீட்சையின் பெறுபேற்றையும் எழுதவேண்டியிருக்கின்றது. எழுதினால் அதற்குக் காரணம் கூறுவதா, கூறாது விடுவதா? இங்கேதான் வீடு இரண்டுபட்டது. "நம்மட குறையை நாமே ஏன் கடல் கடந்து சொல்லவேண்டும்? கேட்டால் பார்ப்போம்" என்பது உம்மும்மாவின் கட்சி. மாமாவோ இலண்டனிலிருந்து ஒரு விளக்கத்தைத் தாமே எழுதி அனுப்பிவிட்டார். அதில் ஆறு மாதம் படகு கரையிற் கிடந்ததாகவும், பின்னர் புயலில் அது கவிழ்ந்ததாகவும், வாப்பா படுக்கையில் வீழ்ந்ததாகவும் கண்டிருக்கின்றது. படகு கவிழவுமில்லை; வாப்பா படுக்கவுமில்லை. உம்மா ஒன்றும் பேசவில்லை. "வாப்பாவின் இயலாமையை அந்நியருக்கு எழுதிக் காட்டி நான் இடம் வாங்க வேண்டுமா?" என்று மடலின் கடைசிப் பக்கத்தில் மாணவி கேட்கின்றார். அந்த ஒரு வரிக்காகவே இதனை எழுதத் துணிந்தோம் எனினும் பொருந்தும்.

முதலில் நம் நாட்டு வழக்கத்தைப் பார்ப்போம். இங்கே இக்கேள்வி எழுவதே இல்லை. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களில் சட்டம் பயில விரும்புவோரை இசட் புள்ளியே தெரிகின்றது. சட்டக்கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை; திறந்த பல்கலைக்கழகத்துக்குத் தெரிவுப் பரீட்சை. "ஏன் குறைந்தது?" என்று கேட்போருமில்லை, சொல்ல இடமுமில்லை. முதற்றடவை எஸ், மறுதடவை ஏ என்றால், மறுதடவையின் புள்ளியைக் கொண்டு விண்ணப்பித்துவிட்டு முன்னையதை மறந்துவிடலாம்.

ஆயின் காரணம் என்பதே இம்முறையில் இல்லையென்று சொல்வதும் சரியாகாது. நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய திறமைக்கு, 55 மாவட்டங்களின் குடித்தொகைக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் பங்கீடு. அப்பின்தங்கிய மாவட்டங்களின் வரிசையிலே புத்தளமும் உண்டு. அதாவது புத்தளத்துப் பிள்ளையின் புள்ளி ஏன் குறைந்தது என்பதற்கு அரசாங்கமே மாவட்டம் முழுமைக்குமாக ஒரு விளக்கத்தை எழுதி வைத்திருக்கின்றது! மாவட்டத்துக்குக் காரணம் உண்டு, மாணவருக்கு இல்லை. 2011 ஆம் ஆண்டுப் பரீட்சையிலே பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணித்தது தவறென 2012 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும், திருத்தப்பட்டது கணக்கேயன்றி எந்த ஒரு பிள்ளையின் கதையும் கேட்கப்படவில்லை. இம்முறையைக் குறை கூறுவோர் பலர். ஆனால் இதில் ஒரு நயமும் இருக்கின்றது: ஏழை தன் ஏழ்மையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கடல் கடந்தால் நிலைமை வேறு. அமெரிக்காவிலே ஒரு பட்டம் பெற்ற பின்னரே சட்டக்கல்லூரி. அங்கே 1948 ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் 'எல்சற்' என்னும் நுழைவுப் பரீட்சைக்கு இன்று 120 முதல் 180 வரை புள்ளி வழங்குகின்றனர். பட்டப்படிப்பின் புள்ளிகளையும் இதனையும் சேர்த்து நோக்கும் கல்லூரிகள், குறை ஏதும் இருப்பின் அதனை விளக்கத் தனித்தாள் ஒன்று இணைக்க இடமளிக்கின்றன. இருமுறை மும்முறை பரீட்சை எழுதியவர்களுடைய புள்ளிகளைச் சராசரி பார்த்த காலம் ஒன்றிருந்தது. 2006 இல் அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம், கல்லூரிகள் தம் அறிக்கையில் மாணவரின் அதிகூடிய புள்ளியையே காட்டலாமென விதியை மாற்றியது. அதன் பின்னர், முதற் புள்ளி குறைந்து மறுபுள்ளி கூடியவருக்கு நீண்ட விளக்கம் அவ்வளவு தேவைப்படுவதில்லை. கூடிய புள்ளியே பேசிவிடும்.

இங்கிலாந்தின் வழக்கம் இன்னும் நுட்பமானது. எல்லாப் பல்கலைக்கழகங்களுக்குமான விண்ணப்பங்களை 'யூகாஸ்' என்னும் ஒரே நிலையம் ஏற்கின்றது. மாணவர் தம்மைப்பற்றி எழுதும் கூற்று 4,000 எழுத்துக்களுக்கு மேற்படலாகாது. 2026 இல் சேர்வோர் தொடக்கம் அது மூன்று வினாக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது: இத்துறையை ஏன் விரும்புகிறீர், இதுவரை கற்றது உம்மை எவ்வாறு ஆயத்தப்படுத்தியது, பள்ளிக்கு வெளியே வேறு என்ன செய்தீர் என்பன அவை. "ஏன் குறைந்தது?" என்ற வினா அம்மூன்றில் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அவ்வினாவுக்குரிய இடம் ஆசிரியர் எழுதும் பரிந்துரையில் இருக்கின்றது. 2024 இல் சேர்ந்தோர் தொடக்கம் அப்பரிந்துரையும் மூன்று கூறாக வகுக்கப்பட்டு, இரண்டாவது கூறு மாணவரின் பெறுபேற்றைப் பாதித்த விசேட சூழ்நிலைகளுக்கெனவே விடப்பட்டுள்ளது. அதாவது குறைக்குக் காரணம் கூறுவது மாணவரின் வேலையன்று. அவரை அறிந்த ஆசிரியரின் வேலை. இந்த ஏற்பாடு மிக நன்றென்பது எமது அபிப்பிராயம். தன் துன்பத்தைத் தானே சொல்லும்போது நாக்கு ஒன்று கூச்சத்தாற் குறைத்துச் சொல்லும், அன்றேல் ஆசையாற் கூட்டிச் சொல்லும்.

ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் முதலிய சில இடங்களிற் சட்டம் படிக்க 'எல்நற்' என்ற தேர்வும் உண்டு. 42 வினாக்களுக்கு 95 நிமிடம், பின்னர் கட்டுரைக்கு 40 நிமிடம். ஓர் ஆண்டுச் சுற்றில் ஒருமுறையே எழுதலாம். அதிலே புள்ளி குறைந்தால் விளக்கி ஆவதொன்றுமில்லை, பேசாதிருப்பதே உசிதம்.

இனி, மாணவியின் கேள்விக்கு வருவோம். அவர் வீட்டிலே இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பிணைந்து கிடக்கின்றன. முதற் பரீட்சையைக் காட்டுவதா என்பது ஒன்று; காட்டியபின் விளக்குவதா என்பது மற்றொன்று. விண்ணப்பப் படிவம் எழுதிய பரீட்சைகள் அனைத்தையும் கேட்கின்றது. கேட்டதற்கு உள்ளதை எழுதவேண்டும். அங்கே தெரிவுக்கு இடமேயில்லை. நமது நாட்டிலே ஒவ்வொரு தடவைக்கும் வெவ்வேறு அத்தாட்சிப்பத்திரம் வழங்கப்படுவதால், பழையதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாமென்று சிலர் நினைப்பதுண்டு. சட்டம் படிக்கப் போகிறவருக்கு அது மிகக் கெட்ட தொடக்கம். 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம், நன்மதிப்பும் தக்க அறிவும் ஆற்றலும் உடையோரையே உயர் நீதிமன்றம் சட்டத்தரணிகளாக ஏற்கலாமென்று விதிக்கின்றது. அறிவுக்கும் ஆற்றலுக்கும் முன்னே நன்மதிப்பு வைக்கப்பட்டிருக்கின்றது. இங்கிலாந்திலும் சட்டத்தொழிலில் நுழையும் வாயிலில் ஒழுக்கம் விசாரிக்கப்படும். இருபது வயதில் ஒரு படிவத்தில் மறைத்தது, சத்தியப்பிரமாணம் செய்யும் நாளில் வெளிவந்து நிற்கலாம். மாமாவின் புயலும் அவ்வாறே. கவிழாத படகைக் கவிழ்த்துவிட்டு எந்த நீதிமன்றத்திலே போய் நிற்பது?

உம்மும்மா "கேட்டால் பார்ப்போம்" என்கின்றார். அனுபவசாலியின் சொல் அது, தள்ளிவிட மனமில்லை. எனினும் விண்ணப்பத்தைப் பார்ப்போர் திரும்பக் கேட்பதில்லை என்பதுதான் சங்கடம். எஸ், எஸ் என்பதைக் காண்பார்கள். தாமே ஒரு காரணத்தை ஊகித்துக்கொண்டு அடுத்த விண்ணப்பத்தைப் புரட்டுவார்கள். நமது 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்திலே இதற்கு ஒப்பான இரு பிரிவுகள் உண்டு. ஒருவருக்கு மாத்திரமே விசேடமாகத் தெரிந்த விஷயத்தை நிரூபிக்கும் பொறுப்பு அவரையே சாருமென்பது 106 ஆம் பிரிவு. கொடுக்கக்கூடிய சான்றை ஒருவர் கொடாது விட்டால், அது அவருக்குப் பாதகமானதென நீதிமன்றம் ஊகிக்கலாமென்பது 114 ஆம் பிரிவின் உதாரணங்களில் ஒன்று. 2022 இன் கடைசி மாதங்களிலே பள்ளிவாசல்துறையில் ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பது அவ்வீட்டாருக்கு மாத்திரம் தெரிந்த விஷயம். இலண்டனிலிருக்கும் பேராசிரியர் அதனை எவ்வாறு அறிவார்?

ஆகவே, இம்மாணவியைப் பொறுத்தவரை விளக்கம் வேண்டும் என்றே கூறுவோம். எல்லோருக்கும் அப்படிக் கூறமாட்டோம். பி வரவேண்டிய இடத்தில் சி வந்தவர் விளக்கம் எழுதினால், கவனியாத குறையைத் தாமே சுட்டிக்காட்டியவராவார். "பரீட்சை என்றால் எனக்குப் பதற்றம்" என்று எழுதுவோர், பரீட்சைகளே நிறைந்த ஒரு படிப்புக்கு விண்ணப்பிக்கிறோம் என்பதை மறந்துவிடுகின்றனர். குறைவுக்குப் பின் உயர்வு வராதவரின் விளக்கத்தையும் எவரும் நம்புவதரிது. இம்மாணவிக்கோ வீழ்ச்சியும் பெரிது. ஓராண்டில் எழுந்ததும் பெரிது. இடையில் நடந்தது என்னவென்று படிப்பவர் கேட்கவே செய்வர்.

நடந்தது என்ன? மடலிலிருந்து எடுத்துக் கூறுகின்றோம். வாப்பாவுக்கு மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் பூட்டிய ஒரு பைபர் படகு. 2022 இல் நாட்டில் மண்ணெண்ணெய் கிட்டாமற்போனதும், கிடைக்கத் தொடங்கிய வேளையில் ஆகஸ்ட் 21 ஆந் திகதி முதல் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியதும் கரையோரத்தார் அனைவரும் அறிந்தவை. படகு வாரத்துக்கு இருமுறை போனாற் பெரிதாயிற்று. மாணவியின் தனியார் வகுப்புகள் நின்றன. உம்மாவும் அவரும் அயலிலுள்ள வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குச் சென்றனர். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பள்ளிக்குப் போன நாட்களை விடப் போகாத நாட்களே அதிகம்.

இங்கே மாமாவின் "ஆறு மாதம்" என்னும் கணக்கைச் சற்றே சோதிப்போம். சோளகம் வீசும் மாதங்களில் மேற்குக் கரையிலே கடல் கொந்தளிப்பதும் படகுகள் கரையேறுவதும் ஒவ்வோராண்டும் நடப்பவை. அம்மாதங்களையும் சேர்த்து எண்ணினால், சோளகமென்றால் என்னவென்று அறிந்த எவரும் ஒரே கேள்வியில் விளக்கம் முழுவதையும் கவிழ்த்துவிடுவார். சோளகம் தணிந்து கடல் திறந்த பின்னரும், எரிபொருள் விலையால் படகு போகாத நாட்களே இவ்வழக்குக்குரியவை. ஆறு மாதத்தை மூன்றாக்குவதனால் வழக்குப் பலவீனப்படாது, பலப்படும்.

இன்னுமொன்று. 2022 இன் நெருக்கடி நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் வாட்டியது. பல வீடுகளில் மெழுகுதிரி வெளிச்சத்திலேயே படித்தார்கள். "நாட்டு நிலைமை காரணமாக" என்று எழுதினால், அதே நிலைமையில் மூன்று ஏ பெற்றவர் இல்லையா என்ற கேள்வி உடனே எழும். எல்லோருக்கும் பொதுவான துன்பம் ஒருவருக்குக் காரணமாகாது. அது இந்த வீட்டினுள் எந்த வாயிலால் நுழைந்தது, எத்தனை நாளைத் தின்றது என்று காட்டினாலே காரணமாகும்.

அளவையியலைப் பற்றி மாணவி எழுதியிருப்பது எம்மைப் பெரிதும் கவர்ந்தது. "அளவையியலில் எஸ் வந்ததற்கு மண்ணெண்ணெய் காரணமல்ல, அப்பாடம் எனக்கு அப்போது விளங்கவில்லை" என்கின்றார். இப்படிச் சொல்லத் தெரிந்தவர் சட்டம் படிக்கத் தகுந்தவரே. அந்த எஸ்ஸை விளக்கத்திற் சேர்க்க வேண்டாம். விளங்காதிருந்த பாடம் மறு ஆண்டில் எவ்வாறு விளங்கிற்று, எதிலிருந்து தொடங்கி மீளப் படித்தார் என்பதை, "கற்றது உம்மை எவ்வாறு ஆயத்தப்படுத்தியது" என்ற இரண்டாம் வினாவுக்கு விடையாக எழுதட்டும். ஒரே பாடத்தில் எஸ்ஸிலிருந்து ஏயிற்கு வந்தவரிடம் அதைவிடச் சிறந்த விஷயம் வேறென்ன இருக்கப்போகின்றது?

இவ்விஷயத்தில் காந்தியடிகளின் சுயசரிதை நல்லதோர் உதாரணம். பாரிஸ்டர் படிப்புக்காக 1888 இல் இலண்டன் சென்ற அவர், அங்கே மெற்றிக்குலேஷன் பரீட்சையும் எழுதினார். முதன்முறை லத்தீனிலே தவறினார். ஆயத்தத்துக்குக் கிடைத்தது ஐந்தே மாதம் என்பதையும், தோல்வி தம்மை வருத்தியதையும், ஆனால் அதற்குள் லத்தீனிலே தமக்குச் சுவை பிறந்துவிட்டதையும், மறுமுறை எழுதித் தேறியதையும் சில வரிகளிலே சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகின்றார். எவர்மீதும் பழியில்லை, ஒப்பாரியும் இல்லை. குறை, காரணம், பின்னர் செய்தது என்ற மூன்றும் இருக்கின்றன. (கற்பிட்டியிலே 1807 இல் பிறந்து, பின்னாளிற் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக அமர்ந்த சைமன் காசிச்செட்டிக்கு இந்த விண்ணப்பத் தொல்லைகள் எவையும் இருக்கவில்லை. அக்காலத்தில் இங்கே சட்டக்கல்லூரியே கிடையாது.)

மாணவியின் விளக்கம் ஏறக்குறைய இவ்வளவில் அடங்கலாம் என்பது எமது எண்ணம்: "2023 ஆம் ஆண்டு ஆரம்பத்தில் இம்மாணவி எழுதிய பரீட்சையின் பெறுபேறு அவருடைய வழமையான தரத்துக்குக் குறைந்தது. இவருடைய தந்தையார் மீனவர். 2022 ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை எரிபொருள் விலை காரணமாகக் குடும்ப வருமானம் பெரிதுங் குன்றியதால், மாணவி விவசாயக் கூலிவேலைக்குச் சென்றார். பாடசாலை வரவிலும் அது தெரிகின்றது. மறு ஆண்டு ஒழுங்காகப் படித்து அதே பாடங்களில் ஏ, பி, பி பெற்றார்." அவ்வளவே. இதனை மாணவியன்று, அவருக்குக் கற்பித்த ஆசிரியரோ அதிபரோ பரிந்துரையில் எழுதவேண்டும். பாடசாலையை விட்டு இரண்டாண்டுக்கு மேலாயிற்றே என்று தயங்க வேண்டியதில்லை. வரவுப்பதிவேட்டின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், வாப்பா அங்கத்தவரானால் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதம் ஆகியவற்றை இப்போதே பெற்று வைத்துக்கொள்ளட்டும். அனுப்பாவிட்டாலும், கேட்டால் கையில் இருக்கவேண்டும்.

எஞ்சியிருப்பது அந்தக் கடைசிப் பக்கத்து வரி. வாப்பாவின் இயலாமையை எழுதிக்காட்டுவதா என்கின்றார். மேலேயுள்ள வாசகத்தை மீண்டும் படித்துப் பார்க்கும்படி வேண்டுகின்றோம். எரிபொருள் விலை நான்கு மடங்காகும்போது படகு கரையிலிருப்பது தொழிலின் கணக்கு, மனிதனின் குறையன்று. ஆயினும் நாம் இவ்வாறு நினைப்பது வேறு, அவ்வீட்டுத் தலைவர் நினைப்பது வேறு. மடல் முழுவதிலும் உம்மும்மா பேசுகின்றார், மாமா பேசுகின்றார், உம்மாவின் மௌனங்கூடப் பேசுகின்றது. வாப்பாவிடம் எவரும் கேட்டதாகக் காணோம். ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினால் அவருக்குத் தெரியவராது என்று எண்ணுவது சரியன்று. ஆசிரியரிடம் போகுமுன், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒருநாள் அந்த ஐந்து வசனங்களையும் தமிழிலே அவருக்குப் படித்துக் காட்டட்டும். தொழிலைப் பற்றிய வசனம் வேண்டாமென்று அவர் சொன்னால், "குடும்ப வருமானம் குன்றியதால்" என்று மாத்திரம் இருக்கட்டும். விளக்கம் சற்று மங்குமேயன்றி அணைந்துவிடாது. அவர் ஒன்றிரண்டு திகதிகளைத் திருத்தவுங் கூடும். படகு எந்த நாள் கடலுக்குப் போயிற்று, எந்த நாள் போகவில்லை என்பது இலண்டன் மாமாவை விட அவருக்கல்லவா தெரியும்?

மாமாவுக்கு எழுதவேண்டிய பதிலைப் பற்றியும் மாணவி கேட்டிருக்கின்றார். செலவை ஏற்பவரின் மனம் நோகாமல் எழுதவேண்டும் என்பது உண்மையே. அவருடைய வரைவுக்கு நன்றி கூறி, இந்த விஷயத்தை ஆசிரியரே எழுதுவது அந்நாட்டு முறையென்று தெரிவித்தாற் போதும். ஒக்ஸ்போர்டுக்கோ கேம்பிரிட்ஜுக்கோ எண்ணமிருப்பின் ஒக்டோபர் 15 ஆந் திகதிக்கு முன் விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும். ஆசிரியருக்கு அதற்கு ஒரு மாதம் முன்னதாகவேனும் சொல்லி வைப்பது நல்லது.